தர்மசங்கடம் என்றால் என்ன? ஜிண்டபைன் படத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து இலையில் வந்து உட்காருகிறவர், எட்டு மாதத்துக்கு முன்னால் நம்மிடம் பத்தாயிரம் கைமாற்று வாங்கியவர். அவரும் அதைப் பேசவில்லை, நாமும் பேசவில்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது. வீட்டுக்கு வந்ததும் சொல்கிறோம்: "ஒரே தர்மசங்கடமாப் போச்சு."

எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் அங்கே நடந்தது வெறும் கூச்சம். தர்மத்துக்கு ஒரு சங்கடமும் வரவில்லை. கடனைத் திருப்பித் தர வேண்டியது யார் என்பதில் இரண்டு பேருக்குமே சந்தேகம் கிடையாது.

சினிமாவைப் பற்றிப் பேசும்போது இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகிறது. ஹீரோ வில்லனை மன்னிப்பதா சுடுவதா என்று இரண்டு நிமிடம் யோசித்தால் அது தர்மசங்கடம். ஊர் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டால் அதுவும் தர்மசங்கடம். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை. 2006-ல் வந்த ஜிண்டபைன் என்ற ஆஸ்திரேலியப் படத்தையும் இப்படி ஒரு வரியில் சுருக்கிவிடலாம்: "போலீஸுக்குச் சொல்வதா, மீன் பிடிப்பதா என்ற தர்மசங்கடத்தில் மாட்டிய நான்கு பேரின் கதை." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. அந்த இரண்டையும் எடுத்துப் பார்த்தாலே தர்மசங்கடம் என்ற சொல் பாதி விளங்கிவிடும்.

கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். கொலைகாரன் யார் என்று படமே ஆரம்பத்தில் காட்டிவிடுகிறது.

ஆற்றில் என்ன நடந்தது

ஜிண்டபைன் நிஜமான ஊர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பனிமலைப் பகுதியில், ஏரிக்கரையில் இருக்கிறது. படத்தில் ஸ்டூவர்ட் அங்கே கார் ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறான். அயர்லாந்திலிருந்து வந்தவன், ஒரு காலத்தில் கார் பந்தயம் ஓட்டியவன். அந்த வேடத்தில் கேப்ரியல் பர்ன், மனைவி கிளேராக லாரா லின்னி. வருடத்துக்கு ஒரு தடவை ஸ்டூவர்ட்டும் மூன்று நண்பர்களும் குடும்பத்தை விட்டுவிட்டு மலைக்குள் மீன் பிடிக்கப் போவார்கள். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மூட்டை முடிச்சைச் சுமந்துகொண்டு வெகுதூரம் நடந்து போக வேண்டிய இடம்.

போன இடத்தில், ஆற்றில் ஒரு பெண்ணின் உடல் மிதப்பதை ஸ்டூவர்ட் பார்க்கிறான். பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த இளம்பெண், பெயர் சூசன். யாரோ கொன்று தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். அலறுகிறான், நண்பர்களைக் கூப்பிடுகிறான். நான்கு பேரும் ஆடிப்போகிறார்கள். அந்த நடுக்கம் பொய்யில்லை. அப்புறம், உடல் தண்ணீரோடு போய்விடாமல் இருக்கத் தூண்டில் நரம்பால் கட்டி வைக்கிறார்கள். அப்புறம் மீன் பிடிக்கிறார்கள். நல்ல மீன் சிக்குகிறது. தூக்கிப் பிடித்துப் போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். விடுமுறை முடிந்து திரும்பும்போதுதான் போலீஸுக்கு விஷயம் போகிறது.

செய்தி வெளியே வந்ததும் ஊர் கொதிக்கிறது. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். போலீஸ் அதிகாரி நான்கு பேரையும் உட்காரவைத்துக் காறித் துப்பாத குறையாகப் பேசுகிறார். பூர்வகுடிகளின் கோபம் வீட்டு வாசல் வரை வருகிறது. கிளேருக்கோ, இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுஷன் யார் என்பதே சந்தேகமாகிவிடுகிறது.

சபலம் வேறு, சங்கடம் வேறு

பஸ் சீட்டில் ஒரு பர்ஸ் கிடக்கிறது. உள்ளே பணம் இருக்கிறது, சொந்தக்காரரின் போட்டோ ஒட்டிய அடையாள அட்டையும் இருக்கிறது. கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். கை மட்டும் பர்ஸை விட மாட்டேன் என்கிறது. இதற்குப் பெயர் சபலம். சரி எது என்று தெரிந்திருந்தும் ஆசையோ சோம்பலோ வசதியோ நம்மை வேறு பக்கம் இழுப்பது.

தர்மசங்கடம் அப்படியில்லை. அதற்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றதை மீறித்தான் ஆக வேண்டும். இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கக் கூடாது. அம்மாவுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று அவளிடம் சொல்லவே கூடாது என அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். அம்மா ஒரு நாள் சாயங்காலம் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது சொல்லுடா, எனக்கு என்ன?" என்கிறாள். சத்தியத்தைக் காப்பதும் தர்மம், கேட்கிறவளுக்கு உண்மையைச் சொல்வதும் தர்மம். அங்கே ஆசைக்கோ சோம்பலுக்கோ வேலை இல்லை.

இதற்கு நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய உதாரணம் இலங்கை அரண்மனையில் இருக்கிறது. அண்ணன் செய்தது தப்பு என்று தம்பிகள் இருவருக்கும் தெரியும். இருவருமே அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். வீடணன் விலகி எதிர்ப்பக்கம் போகிறான். கும்பகர்ணன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, தின்ற சோற்றுக்காகச் சாகப் போகிறான். இதில் யார் சரி என்ற பட்டிமன்றம் இன்றைக்கும் ஓயவில்லை. பஸ்ஸில் கிடந்த பர்ஸைத் திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை. சங்கடமா சபலமா என்று பிரித்தறிய இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆற்றங்கரைக்கு வருவோம். ஒரு பக்கம் கொலையான பெண். மறு பக்கம் வருடத்துக்கு ஒருமுறை வருகிற மீன்பிடி விடுமுறை. அந்த மறு பக்கத்தில் நியாயம் என்று எதைத் தூக்கி வைப்பது? தூரம் அதிகம், இருட்டப்போகிறது, இனிமேல் அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்றெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். சாக்குக்கும் நியாயத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஆற்றங்கரையில் நடந்தது சபலம். மேலே சொன்ன ஒற்றை வரியில் முதல் தப்பு அதுதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆசை ஒரு பக்கம், கடமை ஒரு பக்கம் என்றால் சபலம். கடமையே இரண்டு பக்கமும் நின்று இழுத்தால் தர்மசங்கடம். நான்கு ஆண்களும் மாட்டியது முதலாவதில்.

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியுமா

சரி, அவர்கள் செய்த குற்றம்தான் என்ன? கொல்லவில்லை. தொந்தரவு செய்யவில்லை. உடலை ஒளித்து வைக்கவும் இல்லை. "நாங்கள் என்ன செய்தோம்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறத்தான் வேண்டியிருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சொல் வேண்டும்: செய்யாத்தவறு. செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டதால் வருகிற தவறு. பக்கத்து வீட்டிலிருந்து கேஸ் வாசனை வருகிறது. தட்டிச் சொல்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம். சிலிண்டரைத் திறந்துவிட்டது நாமில்லைதான். ஆனாலும் மறுநாள் அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது தலை தானாகக் குனியும்.

சட்டங்கள் இதில் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்து மரபில் வந்த சட்டத்தில், முன்பின் தெரியாத ஒருவர் தண்ணீரில் தத்தளித்தால் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் கரையில் நிற்பவருக்கு இல்லை. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் முடிந்த உதவியைச் செய்யாமல் போவதே குற்றம். ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே வடக்குப் பிரதேசத்தின் குற்றவியல் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. இதெல்லாம் உயிரோடு இருப்பவரைப் பற்றிய பேச்சு. செத்துப்போன ஒருவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

நம் வீடுகளில் சாவு விழுந்தால் ராத்திரியில் உடலைத் தனியாக விட மாட்டார்கள். தலைமாட்டில் விளக்கு எரியும். தூங்கி வழிந்தாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே இருப்பதால் இறந்தவருக்கு என்ன லாபம் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தோடு வளர்ந்த ஒருவருக்கு ஜிண்டபைன் ஆற்றங்கரைக் காட்சியைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைவது அதனால்தான். சட்டப் பிரிவு எதுவும் அப்போது ஞாபகத்துக்கு வராது.

எனக்கு இந்தப் படத்தில் கண்ணை விட்டுப் போகாதது அந்தத் தூண்டில் நரம்பு. மீனைப் பிடிக்கிற அதே நரம்பு. அதில் போட்ட முடிச்சை அக்கறை என்றும் சொல்லலாம். கட்டாமல் விட்டிருந்தால் ஆறு அவளை இழுத்துப் போயிருக்கும், குடும்பத்துக்கு உடல்கூடக் கிடைத்திருக்காது. குளிர்ந்த தண்ணீரில் கிடப்பது உடலுக்கும் நல்லது. ஸ்டூவர்ட் நிஜமாகவே அப்படி நினைத்திருக்கலாம். வசதி என்றும் சொல்லலாம். அவள் ஓரிடத்தில் இருப்பாள் என்று உறுதியான பிறகுதான் கொஞ்சம் தள்ளிப் போய் நிம்மதியாகத் தூண்டில் போட முடிந்தது. முடிச்சைப் போட்ட அந்தக் கணத்தில் இரண்டில் எது அவன் மனசில் இருந்தது என்று படம் சொல்வதில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

பார்க்காத மாதிரி நடையைக் கட்டியிருந்தால் கோழைகள் என்று சொல்லி முடித்துவிடலாம். இவர்கள் பார்த்தார்கள், தண்ணீரில் இறங்கினார்கள், கட்டினார்கள். அவளுக்காக ஏதோ செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் "நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே" என்ற பேச்சு அவர்கள் வாயில் நிற்பதே இல்லை.

நிஜமான சங்கடம் கிளேருடையது

மீன் பிடித்துவிட்டு வீடு திரும்பிய ஸ்டூவர்ட் மனைவியிடம் உடனே சொல்லவில்லை. தெரிந்த பிறகு கிளேரால் அவன் பக்கத்தில் உட்கார முடியவில்லை. விட்டுப் போகவும் முடியவில்லை. அவளுக்கென்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மகன் பிறந்த பிறகு வந்த மனச்சோர்வில் குழந்தையையும் புருஷனையும் விட்டுவிட்டுப் பல மாதம் போயிருந்தவள் அவள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவனை நியாயம் கேட்கிற இடத்தில் அவளும் முழுச் சுத்தமாக நிற்கவில்லை. கதாசிரியர் பியாட்ரிக்ஸ் கிறிஸ்டியன் இதை வைத்தது நல்ல வேலை. இது இல்லையென்றால் கிளேர் வெறும் மனசாட்சிப் பொம்மையாகப் போயிருப்பாள்.

புருஷனையும் வீட்டையும் காப்பது ஒரு கடமை. செத்தவளுக்குச் செய்ய வேண்டிய மரியாதை இன்னொரு கடமை. ஒன்றைப் பிடித்தால் மற்றது கைநழுவுகிறது. இது சங்கடம். கிளேர் இரண்டாவதைப் பிடிக்கிறாள். சூசனின் இறுதிச் சடங்குக்காகப் பணம் திரட்டுகிறாள். கூப்பிடாமலே சூசனின் குடும்பத்தைத் தேடிப் போகிறாள்.

இங்கேதான் சங்கடத்துக்குள் இன்னொரு சங்கடம். நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் வழக்கு. அந்தக் கணக்குப்படி கிளேர் செய்தது சரி. ஆனால் அந்த வீட்டுப் படியில் நின்று பார்த்தால் காட்சி வேறு. பெண் செத்துக் கிடந்தபோது மீன் பிடித்தவனின் பெண்டாட்டி, கையில் பணத்தோடு வந்து நிற்கிறாள். துக்கம் விசாரிக்கத்தான் வந்தாளா, தன் மனப்பாரத்தை இவர்கள் வீட்டில் இறக்கிவைக்க வந்தாளா? போனால் அத்துமீறல், போகாவிட்டால் அலட்சியம். படத்தில் அவளுக்குக் கதவு சுலபமாகத் திறப்பதில்லை. அது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. அவள் போனதும் நியாயம்தான்.

சங்கடத்தில் சரியாகவே முடிவெடுத்தாலும் மனசு ஏன் உறுத்துகிறது என்பதற்கும் ஒரு சொல் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் நெருங்கிய நண்பன் கல்யாணத்துக்குப் போகவில்லை. எடுத்த முடிவு சரிதான், அவனும் அதையேதான் சொல்வான். ஆனாலும் போன் போட்டு "மன்னிச்சுக்கடா" என்கிறோம். சரியானதைச் செய்துவிட்டு எதற்கு மன்னிப்பு? விட்டுப்போன கடமை இல்லாமல் போய்விடவில்லை, பாக்கியாக நிற்கிறது என்பதால். பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1965-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. தமிழில் அறமிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்: எந்தப் பக்கம் போனாலும், போகாத பக்கத்துக்கு நாம் பட்டிருக்கிற பாக்கி. சபலத்துக்குப் பிறகு வருவது குற்ற உணர்ச்சி. தர்மசங்கடத்துக்குப் பிறகு வருவது இந்த மிச்சம். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பிவிடுகிறோம்.

ஆக, ஒற்றை வரியில் இரண்டாவது தப்பும் கிடைத்துவிட்டது. இது நான்கு ஆண்களின் தர்மசங்கடத்தைச் சொல்கிற கதை இல்லை. அவர்களின் சபலம் மற்றவர்கள் தலையில் கொண்டுவந்து இறக்கிய தர்மசங்கடங்களின் கதை.

ஒரே ஊரில் வேறு வேறு கேள்விகள்

ஊர் பிளவுபட்டிருக்கிறது என்றால், ஒரே கேள்விக்கு இரண்டு தரப்பும் இரண்டு பதில் சொல்கின்றன என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பல நேரம் அப்படி இருப்பதில்லை. பாகப்பிரிவினையில் மூத்தவர் "பத்திரம் யார் பேரில் இருக்கிறது?" என்று கேட்கிறார். இளையவர் "அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டது யார்?" என்று கேட்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. பத்து வருடம் பேசினாலும் முடியாது. இருவரும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

ஜிண்டபைனில் ஆண்களின் கேள்வி: "அவளைக் கொன்றது நாங்களா?" ஊர்ப் பெரிய மனிதர்களின் கேள்வி: "நம் ஊர் பேர் இப்படி டிவியில் நாறலாமா?" கிளேரின் கேள்வி: "அவள் தண்ணீரில் கிடக்கும்போது உன்னால் எப்படிச் சாப்பிட முடிந்தது?" சூசனின் ஆட்கள் கேட்பது வேறு: "அவள் வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்திருந்தால் கட்டிப்போட்டுவிட்டு மீன் பிடித்திருப்பீர்களா?"

முதல் கேள்விக்கு 'இல்லை' என்று ஆயிரம் தடவை சொன்னாலும் நான்காவது கேள்வி அப்படியேதான் நிற்கும். படத்தில் ஒவ்வொரு சண்டையும் முட்டுச்சந்தில் போய் நிற்பதற்கு இதுதான் காரணம்.

இந்த நான்காவது கேள்வி மூலக்கதையில் கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் ஒரு சிறுகதையிலிருந்துதான் படம் எடுக்கப்பட்டது. அங்கேயும் ஆண்கள் மீன் பிடிக்கப் போகிறார்கள், உடலைப் பார்க்கிறார்கள், கட்டி வைக்கிறார்கள். ஆனால் அது கடைசி வரை புருஷன் பெண்டாட்டி கதை. கதையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து, இறந்தவளைப் பூர்வகுடிப் பெண்ணாக மாற்றியதும் வீட்டுச் சண்டை நாட்டுச் சண்டையாகிவிட்டது. இயக்குநர் ரே லாரன்ஸ் இயற்கை வெளிச்சத்திலேயே, குறைந்த டேக்குகளில் எடுப்பதற்குப் பேர்போனவர். யார் பக்கம் சாய வேண்டும் என்று விளக்குப் போட்டுக் காட்டுகிற வேலையை அவர் செய்வதில்லை.

ஊரைத் தேர்ந்தெடுத்ததும் காரணமில்லாமல் இல்லை. பனிமலை ஆறுகளைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் பிரம்மாண்டமான ஸ்னோயி திட்டம் 1949-ல் தொடங்கி 1974 வரை நடந்தது. 30-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அதில் வேலை செய்தார்கள். அதற்காக ஜிண்டபைனில் அணை கட்டியபோது பழைய ஊர் நீருக்குள் போனது. ஜனங்கள் மேட்டில் கட்டிய புது ஊருக்குக் குடிமாறினார்கள். அணை முடிந்தது 1967-ல். அதே 1967-ல்தான், மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளையும் சேர்க்க வழிசெய்த பொதுவாக்கெடுப்பு நடந்து 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. அதுவரை அரசியல் சட்டப்படி அவர்களைத் தலைக்கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். சொந்த ஊர் தண்ணீருக்கு அடியில் போனதைக் கண்ணால் பார்த்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் அங்கே உண்டு. அதே மலையை அதற்கு எவ்வளவோ காலம் முன்பே பறிகொடுத்த ங்காரிகோ என்ற பூர்வகுடி மக்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் இழப்பு தெரியும். அடுத்தவரின் இழப்பு மட்டும் தெரியாது.

சுருக்கிச் சொன்னால், பிளவுபட்ட ஊரில் முதல் சிக்கல் பதிலில் இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்பதிலேயே ஒத்துப்போகாததுதான் சிக்கல்.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு

"நாங்கள் கொல்லவில்லை" என்ற வாக்கியம் 2006-ல் ஆஸ்திரேலியர்கள் காதுக்குப் புதிதாக இருந்திருக்காது. ஏறக்குறைய 1910 முதல் 1970 வரை, அரசும் தேவாலய அமைப்புகளும் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளைக்கார வீடுகளிலும் வளர்த்தார்கள். இதை விசாரித்த அறிக்கை 1997-ல் வெளியானது. நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. அப்போது பிரதமராக இருந்த ஜான் ஹோவர்ட் வருத்தம் தெரிவிக்கத் தயாராக இருந்தார், மன்னிப்புக் கேட்க மறுத்தார். முந்தைய தலைமுறை செய்ததற்கு இந்தத் தலைமுறை எப்படிக் குற்றவாளியாகும் என்பது அவர் வாதம். (ஒரு வேடிக்கை: ஸ்டூவர்ட்டின் நண்பன் கார்லாக நடித்த நடிகரின் பெயரும் ஜான் ஹோவர்ட்தான். தற்செயல்தான், ஆனால் டைட்டிலில் பார்த்த உள்ளூர் ரசிகர்கள் சிரித்திருப்பார்கள்.)

அந்த வாதத்தை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. செய்யாத குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிப்பது அநியாயம்தான். ஆனால் அதில் இரண்டு சொற்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. குற்றம் என்பது செய்தவரை மட்டும் சேர்வது. பொறுப்பு என்பது செய்யாதவர் கைக்கும் வந்து சேரக்கூடியது.

அப்பா ஊரில் கடன் வாங்கி வீடு கட்டினார், இறந்துவிட்டார். அந்த வீட்டில் மகன் குடியிருக்கிறார். கடன் கொடுத்தவரின் மகள் வந்து கதவைத் தட்டுகிறாள். "கடன் வாங்கியது நானில்லையே" என்று மகன் சொல்வது முழு உண்மை. அதைச் சொல்லும்போது அவர் நின்றுகொண்டிருப்பது அந்தக் கடனில் கட்டிய திண்ணையில். அவர் குற்றவாளி இல்லை, பொறுப்பாளி. ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். அதுவே நாடு, இனம் என்று வரும்போது புரிய மறுக்கிறது.

படம் வந்து இரண்டு வருடம் கழித்து, 2008 பிப்ரவரி 13 அன்று, புதிய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அத்தோடு கதை முடியவில்லை. பூர்வகுடிகளின் குரலாக ஓர் ஆலோசனை அமைப்புக்கு அரசியல் சட்டத்தில் இடம் தரலாமா என்று 2023 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

சாரி என்றால் துக்கம்

பூர்வகுடிகள் பேசும் ஆங்கிலத்தில் 'சாரி' என்ற சொல்லுக்கு நாம் அறியாத ஓர் அர்த்தம் உண்டு. சாவு, அதற்கான சடங்கு, துக்கம் காப்பது எல்லாவற்றையும் சேர்த்து 'சாரி பிசினஸ்' என்பார்கள். நம் ஊரில் 'கேதம்' என்று சொல்வதற்குக் கிட்டே வரும். அந்த நாட்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதையும் படத்தைக் காட்டுவதையும் பல சமூகங்களில் தவிர்ப்பார்கள். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்கு முன் அதற்கென்றே ஓர் எச்சரிக்கை போடுவதும் உண்டு.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் அந்த மன்னிப்புச் சண்டையைப் பாருங்கள். பிரதமர் ஹோவர்ட் அந்தச் சொல்லைக் கேட்டதும் "குற்றத்தை ஒப்புக்கொள்" என்று எடுத்துக்கொண்டார். அதே சொல்லுக்குள், வந்து கேதத்தில் உட்கார் என்ற அழைப்பும் இருந்தது. கேள்வியே வேறாக இருந்தது என்று முன்னால் பார்த்தோமே, இங்கே ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு கேள்வி.

படத்தின் முடிவுப் பகுதி சூசனின் இறுதிச் சடங்கு. மரங்களுக்கு நடுவே இலைகளை எரித்துப் புகை போடுகிறார்கள். இறந்தவரின் ஆவியை வழியனுப்பவும் இருப்பவர்களைத் தூய்மைப்படுத்தவும் செய்கிற சடங்கு அது. கிளேர் வருகிறாள். கொஞ்சம் தாமதமாக ஆண்களும் வருகிறார்கள். ஸ்டூவர்ட் சூசனின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறான். கட்டிப்பிடித்துக் கண்ணீர் விடுகிற காட்சி எதுவும் அங்கே கிடையாது. ஆனாலும் யாரும் அவர்களைத் துரத்திவிடவில்லை. ஆற்றங்கரையில் அவளோடு உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் கொஞ்சத்தையாவது, காலம் கடந்து, இங்கே வந்து உட்கார்கிறார்கள்.

இந்த இரண்டு மணி நேரத்தில் ஊர் முழுக்க நான்கு மீன்காரர்களைத்தான் ஏசியிருக்கிறது, நாமும் கூடச் சேர்ந்து ஏசியிருக்கிறோம். கொன்றவன் பெயர் கிரிகரி. ஊர் எலக்ட்ரீஷியன். அவனை யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. படத்தின் ஆரம்பத்தில் சூசனின் கார் வருவதற்காக மேட்டில் லாரியை நிறுத்திக் காத்திருந்தவன், முடிவிலும் அதே மாதிரி சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான்.